தோண்டாத பைரைட்டைப் படித்தால் வேலை கிடைக்குமா?

வணக்கம் அம்மா.

எம்.எஸ்சி. ஜியாலஜி படிக்கும் மகள் இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு ராஜஸ்தானின் சலாதிபுரா பைரைட் படிவை எடுத்திருக்கிறாள், "யாரும் தோண்டாத கல்லைப் படித்தால் யார் வேலை தருவார்கள்?" என்று வீட்டில் எல்லோரும் கேட்கிறார்கள் என எழுதியிருந்தீர்கள். என்னைக் கேட்டால், தோண்டாததே அவளுக்கு நல்லது. ஓரிடத்தைத் தோண்டலாமா வேண்டாமா என்று சொல்வதற்குத்தான் ஜியாலஜிஸ்டுக்குச் சம்பளம்.

சலாதிபுரா சீகர் மாவட்டத்தில் இருக்கிறது. மிகப் பழைய உருமாறிய பாறைகளுக்குள் பைரைட்டும் பைரோட்டைட்டும் கலந்து கிலோமீட்டர் கணக்கில் நீளமாக ஓடுகின்றன. இரண்டுமே இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமங்கள். கொஞ்சம் துத்தநாகமும் உண்டு. உரத் தொழிற்சாலைகளுக்குக் கந்தக அமிலம் வேண்டும், நாட்டில் கந்தகம் கிடையாது என்றிருந்த காலத்தில் இதற்கு நல்ல மதிப்பு. அப்புறம் பெட்ரோலியச் சுத்திகரிப்பு ஆலைகளிலிருந்தே கந்தகம் மலிவாக வர ஆரம்பித்தது. பீகாரின் அம்ஜோரில் ஓடிக்கொண்டிருந்த பைரைட் சுரங்கமே மூடப்பட்டுவிட்டது. பூமிக்கடியில் சரக்கு இருந்தாலும் சந்தை இல்லையென்றால் சுரங்கம் இல்லை. இந்தக் கணக்கு பிடிபட்ட மாணவர்கள் நேர்காணலில் தனியாகத் தெரிவார்கள்.

அவள் செய்யப்போகும் வேலையைக் கொஞ்சம் சொல்கிறேன். துளையிட்டு எடுத்த உருளைக் கல்லை 'கோர்' என்பார்கள். அதில் பித்தளை மஞ்சளாக மின்னுவது பைரைட், வெண்கலப் பழுப்பாக இருப்பது பைரோட்டைட். நூலில் கட்டிய காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனால் பெரும்பாலும் பைரோட்டைட் இழுக்கும், பைரைட் இழுக்காது. தூய பைரைட்டில் கந்தகம் 53 சதவீதம், பைரோட்டைட்டில் 40-க்கும் கீழே. எது எவ்வளவு என்று மீட்டர் மீட்டராகக் குறித்தால்தான் படிவின் தரம் தெரியும். இன்னொன்றையும் அவள் விடாமல் பார்க்கட்டும்: பைரைட் காற்றும் தண்ணீரும் பட்டால் அமிலமாகும், அது கிணற்றுத் தண்ணீர்வரை போகும். சுரங்கச் சூழல் ஆய்வில் இது தெரிந்தவர்களுக்குத் தேவை இருக்கிறது.

வேலை என்று பார்த்தால், யு.பி.எஸ்.சி. நடத்தும் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வுதான் முதல் குறி. இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனமான ஜி.எஸ்.ஐ.க்கும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் அதன் வழியாகவே எடுக்கிறார்கள். பொதுப்பிரிவுக்கு வயது வரம்பு 32. தாதுப் படிவுகள் பாடத்திட்டத்திலேயே இருப்பதால் ப்ராஜெக்டுக்கான படிப்பு வீணாகாது. தனியார் ஆய்வு நிறுவனங்களில் இடங்கள் குறைவு, தொடக்கத்தில் பெரும்பாலும் ஒப்பந்த வேலைதான். அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

பெண் பிள்ளை சுரங்கத்துக்குள் போகலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். 2019 முதல் பெண்கள் நிலத்தடிச் சுரங்கத்திலும் தொழில்நுட்பப் பணி செய்ய அரசு அனுமதித்திருக்கிறது.

பழைய கோர்களைப் பார்க்க அனுமதி வாங்கியாயிற்றா என்று மட்டும் மகளிடம் கேளுங்கள். இல்லையென்றால் துறைத்தலைவர் வழியாக இந்த வாரமே கடிதம் அனுப்பச் சொல்லுங்கள்.