எபோலா ஊசி போட்டாச்சு, கம்பாலா போகலாமா?

எர்வெபோ என்ற எபோலா தடுப்பூசி போட்டுக்கொண்டேன், உகாண்டா தலைநகர் கம்பாலாவில் வேலை, இனிப் பயமில்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். சார், அந்த ஊசி சயர் வகை எபோலாவுக்கு மட்டும்தான், உகாண்டாவில் 2000-லும் 2022-லும் பரவியது சூடான் வகை, அதை இது தடுக்காது.

பெயர்தான் ஒன்று, குணம் வேறு. 1976-ல் சயர் வகை வந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் போய்விட்டார்கள், சூடான் வகையில் பாதிப் பேர். ரெஸ்டன் வகை இன்னும் விசித்திரம்: 1989-ல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில், பிலிப்பைன்ஸிலிருந்து வந்த குரங்குகள் கூண்டிலேயே செத்துக்கொண்டிருக்க, அவற்றைக் கவனித்த சிலர் ரத்தத்தில் எதிர்ப்பொருள், அதாவது கிருமி உள்ளே வந்துபோன அடையாளம், மட்டும் இருந்தது, ஒரு தும்மல்கூட எபோலாவால் வந்ததாகச் சொல்ல முடியவில்லை!

சரி, போய் வாருங்கள். காய்ச்சல்காரரின் ரத்தம், வாந்தி கையில் படக்கூடாது, இறந்தவர் உடலையும் தொடாதீர்கள். திரும்பி 21 நாளுக்குள் காய்ச்சலடித்தால் முதலில் போன் போட்டு, உகாண்டா போனதைச் சொல்லிவிட்டு, அப்புறம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.