பேஸ்மென்ட் குளிரில் மிளகாய் விதை: ஹீட் மேட் இருந்தும் ஏன் முளைக்கவில்லை?

கேள்வி: டொரொன்டோ ஸ்காபரோவில் இருக்கிறோம். மார்ச் தொடக்கத்தில் பேஸ்மென்டில் தரையில் ஹீட் மேட்டை (விதைத் தட்டை அடியிலிருந்து சூடாக்கும் மின்விரிப்பு) விரித்து, ஒரே தட்டில் தக்காளி, கத்தரி, கொச்சி மிளகாய் (காரமான சின்ன மிளகாய்) மூன்றையும் போட்டு மூடி வைத்தேன். தினமும் காலையில் குழாய்த் தண்ணீர் தெளிக்கிறேன். தக்காளி ஒரு வாரத்தில் முளைத்தது, ஆனால் நெடுநெடுவென்று வளர்ந்து பாதி சாய்ந்துவிட்டது. கத்தரி இப்போதுதான் ஒன்றிரண்டு தலைகாட்டுகிறது. மிளகாய் மூன்று வாரமாகியும் வரவில்லை. மேட் பழுதா? முளைத்த பிறகும் கன்றுகளை மேட்டிலேயே வைத்திருக்க வேண்டுமா?

பதில்: மேட் பழுதில்லை என்றே நினைக்கிறேன். தக்காளி ஒரு வாரத்தில் முளைத்ததை வைத்தே உங்கள் மண் எவ்வளவு சூடாக இருந்தது என்று கணக்குப் போட்டுவிடலாம். மண் 15 டிகிரியில் இருந்தால் தக்காளி முளைக்க இரண்டு வாரம் ஆகும். 20 டிகிரியில் எட்டு நாள், 25 டிகிரியில் ஆறு நாள். ஆக, உங்கள் தட்டு 20 டிகிரியை ஒட்டித்தான் இருந்திருக்கிறது. தக்காளிக்கு அது போதும். அதே 20 டிகிரியில் சாதாரண மிளகாய்க்கும் கத்தரிக்கும் இரண்டு வாரம் பிடிக்கும். கொச்சி மிளகாய் இன்னும் மெதுவானது. நல்ல சூட்டிலேயே சில சமயம் மூன்று, நான்கு வாரம் காக்க வைக்கும். மண்ணை 28 டிகிரிக்குக் கொண்டுவந்தால் கத்தரி ஒரு வாரத்துக்குள்ளும், சாதாரண மிளகாய் எட்டு நாளிலும் எழுந்துவிடும். கொச்சிக்கும் காத்திருப்பு நன்றாகவே குறையும்.

மேட் இருந்தும் ஏன் 20-ஐத் தாண்டவில்லை? தெர்மோஸ்டாட் (சூட்டைக் குறித்த அளவில் நிறுத்தும் கருவி) இல்லாத சாதாரண மேட் இத்தனை டிகிரி என்று குறிவைத்துச் சூடாக்குவதில்லை. அறையின் சூட்டுக்கு மேல் ஐந்து முதல் பத்து டிகிரி வரை ஏற்றிக் கொடுக்கும், அவ்வளவுதான். மாடியில் 21 டிகிரி அறையில் அருமையாக வேலை செய்யும் மேட், 15 டிகிரி பேஸ்மென்டில் திணறும். போதாததற்கு அது கான்கிரீட் தரையில் கிடக்கிறது; சூட்டில் பெரும்பகுதியைத் தரை குடித்துவிடும். அடியில் ஒரு அங்குலக் கனத்தில் கடினமான ஃபோம் பலகை ஒன்றைப் போடுங்கள். இல்லையென்றால் தட்டை மாடிக்கே கொண்டுபோங்கள். நானாக இருந்தால் மாடிக்குத்தான் கொண்டுபோவேன்.

அடுத்தது தண்ணீர். மார்ச்சில் ஏரியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் கையை வைத்தால் விறைக்கும். அதைத் தினமும் காலையில் தெளித்தால், மேட் இரவெல்லாம் ஏற்றிய சூடு ஒரு நிமிடத்தில் இறங்கி, மறுபடி ஏறப் பல மணி நேரம் ஆகும். முந்தின நாளே ஒரு குடத்தில் பிடித்து அறையில் வையுங்கள். உண்மையில், மூடி போட்ட தட்டுக்குத் தினமும் தண்ணீரே தேவையில்லை. மூடியின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் ஈரம் போதும் என்று அர்த்தம். ஆனால் மேட்டின் மேல் இருக்கும் மண் அடியிலிருந்தும் காயும். அதனால் மேற்பரப்பைப் பார்த்து முடிவு செய்யாமல், தட்டைத் தூக்கி எடை பாருங்கள். இலேசாகிவிட்டால் அடித்தட்டில் தண்ணீர் ஊற்றி, மண் உறிஞ்சியதும் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

சமையலுக்குப் பயன்படும் குத்தும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். விதை இருக்கும் ஆழத்தில், அதாவது ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு, நடுவிலும் மூலைகளிலும் குத்திப் பாருங்கள். வீடு குளிர்ந்து கிடக்கும் விடியற்காலையில் பார்ப்பது நல்லது. நடுவில் 27-ம் மூலையில் 22-ம் காட்டினால் ஆச்சரியப்படாதீர்கள், மேட்டின் ஓரம் எப்போதுமே சூடு குறைவு. தட்டைத் திருப்பித் திருப்பி வைத்தால் சரி. தெர்மோஸ்டாட் பொருத்துவதானால் 28-இல் வையுங்கள். அதன் உணர்கம்பி மண்ணுக்குள் இருக்க வேண்டும். வெளியே காற்றில் தொங்கினால், அறை 28 ஆகும்வரை மேட்டை ஓடவிட்டுக்கொண்டே இருக்கும், மண் 35-ஐத் தாண்டி விதை வெந்துபோகும்.

இனி சாய்ந்த தக்காளிக்கு வருகிறேன். இந்தக் கேள்வியில் முக்கியமான இடம் இதுதான். மூன்று பயிரையும் ஒரே தட்டில் போட்டதில்தான் சிக்கல் தொடங்கியது. தக்காளி எழுந்ததும் அதற்கு மேட்டும் மூடியும் வேண்டாம், மிளகாய்க்கு இன்னும் வேண்டும். மிளகாய்க்காக நீங்கள் காத்திருக்க, தக்காளி அடியில் சூடும் மேலே மங்கிய வெளிச்சமுமாக மாட்டிக்கொண்டது. சூடு வளரச் சொல்கிறது, இலை கட்ட வெளிச்சம் இல்லை. தண்டு மட்டும் நீள்கிறது. அந்தக் கன்றுகளில் ஒன்றைக் குனிந்து பாருங்கள். மண்ணைத் தொடும் இடத்தில் தண்டு பழுப்பாகி நூலாகச் சுருங்கியிருந்தால் அது நாற்றழுகல். மூடிக்குள் தேங்கும் ஈரத்தில் பூஞ்சை வகைகள் செய்யும் வேலை. அவற்றைக் காப்பாற்ற முடியாது. பிடுங்கி, அந்த மண்ணோடு சேர்த்து வெளியே போடுங்கள். தண்டு பச்சையாகவே இருந்து வெறுமனே நீண்டிருந்தால் கவலை வேண்டாம். தக்காளியின் தண்டு வேர்விடும், அதனால் தனித்தனிச் சாடிக்கு மாற்றும்போது விதையிலை வரை புதைத்து நட்டுவிடலாம். கத்தரி, மிளகாய்க்கு இந்தச் சலுகையை நம்ப வேண்டாம்.

ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில்: வைத்திருக்கக் கூடாது. பயிருக்கு ஒரு தட்டு. தட்டில் பாதி விதை முளைத்ததுமே மூடியைக் கழற்றி, மேட்டிலிருந்து இறக்கிவிடுங்கள். மிச்சம் அடுத்த சில நாளில் தானாக வரும். அதன் பிறகு கன்றுக்கு 18 முதல் 21 டிகிரி அறை போதும். வெளிச்சந்தான் வேண்டும். மார்ச் மாத ஜன்னல் வெயில் போதவே போதாது. எல்இடி விளக்கை இலைக்கு மேல் ஐந்து, பத்து சென்டிமீட்டரில் தொங்கவிட்டு, தினமும் 14 முதல் 16 மணி நேரம் எரியவிடுங்கள். சூடு அதிகமுள்ள விளக்கானால் இன்னும் கொஞ்சம் உயர்த்துங்கள். சின்ன மின்விசிறி ஒன்று மெதுவாகச் சுற்றினால் நாற்றழுகலும் குறையும், தண்டும் உறுதிப்படும்.

மேட் எல்லா விதைக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். லெட்டூஸும் ஸ்பினாச்சும் குளிரில் முளைப்பவை, சூடு கூடினால் உறங்கிவிடும். பாகற்காய்க்கு மேட் பெரிய உதவி. ஆனால் அதை ஏப்ரல் கடைசிக்கு முன் போடாதீர்கள்; வேரைத் தொந்தரவு செய்தால் பிடிக்காத பயிர், சாடியில் மூன்று நான்கு வாரத்துக்கு மேல் வைக்க முடியாது. விதையின் ஓரத்தை நகவெட்டியால் இலேசாக நறுக்கி, ஓரிரவு ஊறவைத்துப் போடுங்கள்.

மின்சார விஷயத்தில் கவனம். மேட்டில் சிஎஸ்ஏ (CSA) அல்லது சியுஎல் (cUL) என்ற கனடியப் பாதுகாப்புச் சான்று முத்திரை இருக்கிறதா பாருங்கள். மடிக்கக் கூடாது, கம்பளத்தின் மேல் போடக் கூடாது, பிளக் இருக்கும் இடத்துக்குத் தண்ணீர் வழியக் கூடாது. முதுகுவலிக்கு வைக்கும் ஹீட்டிங் பேடை இதற்கு எடுக்கவே கூடாது. அது ஈரத்துக்குச் செய்ததல்ல, பலதும் கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்தும் விடும். செலவைப் பற்றி யோசிக்க வேண்டாம். 20 வாட் மேட் இரவு பகல் ஓடினாலும் நாளுக்கு அரை யூனிட்தான்.

இந்த மிளகாய் விதையில் உயிர் இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம். பத்து விதையை ஈரமான பேப்பர் டவலில் மடித்து, ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு, மேட்டுக்கு மேல் ஒரு துணியை விரித்து அதன் மேல் வையுங்கள். கடையில் வாங்கிய செத்தல் (காய்ந்த) மிளகாயை உடைத்து எடுத்த விதையென்றால் சந்தேகம்தான். அதிகச் சூட்டில் உலர்த்தியதாக இருந்தால் முளைக்காது. முளைவிட்ட விதைகளை வேர் முறியாமல் எடுத்து மண்ணில் வைக்கலாம்.

காலம் கடந்துவிடவில்லை. டொரொன்டோவில் மே மாதப் பிற்பகுதியில் வரும் விக்டோரியா டே விடுமுறை வார இறுதிக்குப் பிறகுதான் பெரும்பாலானோர் தக்காளியை வெளியே நடுகிறார்கள். மிளகாயும் கத்தரியும் இரவு 12 டிகிரிக்குக் கீழே இறங்காத ஜூன் தொடக்கம் வரை காத்திருக்க வேண்டியவை. இந்த வாரமே புதுத் தட்டில் மிளகாயைப் போட்டால் எட்டு வாரக் கன்று கைக்கு வரும். பழைய தட்டையும் உடனே எறியாதீர்கள். முளைத்த தக்காளியையும் கத்தரியையும் கரண்டியால் மண்ணோடு பெயர்த்து வேறு சாடிக்கு மாற்றிவிட்டு, நாற்றழுகல் இல்லையென்றால் மிச்சத்தை ஃபோம் பலகைக்கு மேல் 28 டிகிரியில் இன்னும் பத்து நாள் வையுங்கள். கொச்சி அதற்குள் எழும்ப நல்ல வாய்ப்பு இருக்கிறது.