எஃப்-150-இல் 35 அங்குல டயர் மாட்ட 2 அங்குல லெவலிங் கிட் போதுமா?

கேள்வியின் சுருக்கம்: 2018 ஃபோர்டு எஃப்-150, 4×4, 18 அங்குல ரிம், கம்பெனி டயர் 275/65 ஆர்18 (அகலம் 275 மி.மீ., பக்கச் சுவர் அதில் 65 சதவீதம், ரிம் 18 அங்குலம்). மாதம் ஒருமுறை 5000 பவுண்டு டிரெய்லர் இழுக்கும் வண்டி. லெவலிங் கிட்டால் (தாழ்ந்த முன்பக்கத்தைப் பின்பக்க உயரத்துக்குத் தூக்கும் பாகங்கள்) முன்பக்கத்தை 2 அங்குலம் தூக்கி 35 அங்குல டயர் போடலாமா?

35 வேண்டாம். அதே ரிம்மில் 275/70 ஆர்18 போடுங்கள்; கிட் 1.5 அங்குலத்தில் நிற்கட்டும், மிஞ்சினால் 2.

முதலில் டயர். உங்கள் கம்பெனி டயரின் உயரம் 815 மி.மீ., அதாவது 32.1 அங்குலம். 275/70 ஆர்18-இன் உயரம் 842 மி.மீ., 33.2 அங்குலம். அகலம் மாறவில்லை என்பதுதான் இதில் பெரிய வசதி. இந்த வண்டியில் ஸ்டீயரிங் நக்கிள் (சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் உலோகத் துண்டு) டயரின் உட்பக்கத்தை ஒட்டி மேலே ஏறிப் போகிறது. 12.5 அங்குல அகல 35 டயரைக் கம்பெனி ரிம்மில் ஏற்றினால் உட்பக்கம் மட்டும் 20 மி.மீ. அளவுக்கு நக்கிளை நெருங்கும். அதற்குப் பயந்து +44 ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டுக்கும் ஹப்பில் பொருந்தும் முகத்துக்கும் உள்ள தூரம், மி.மீ.யில்) ரிம்மைக் கழற்றிவிட்டு 0 ஆஃப்செட் ரிம் வாங்குகிறார்கள். சக்கரம் 44 மி.மீ. வெளியே தள்ளிப் போகிறது. திருப்பும்போது டயர் வீசும் வட்டம் பெரிதாகி, பம்பர் ஓரத்திலும் உள் மட்கார்டு பிளாஸ்டிக்கின் பின்பகுதியிலும் உரசுகிறது. ஹப் பேரிங் மேல் விழும் நெம்புவிசையும் கூடுகிறது. இந்த உரசல் பக்கவாட்டில் இடம் போதாமல் வருவது. வண்டியை எவ்வளவு தூக்கினாலும் முழுதாகத் தீராது.

டிரெய்லர் இழுப்பவருக்கு கியர் கணக்கும் முக்கியம். பின் ஆக்ஸிலின் கியர் விகிதம் 3.55 என்றால் 33.2 அங்குல டயரில் அது 3.43 போல நடந்துகொள்ளும், 35-இல் 3.25 போல. மேட்டில் கியர்பாக்ஸ் அடிக்கடி இறங்கி ஏறி சூடாவது இதனால்தான்.

இனி கிட். முன்பக்கம் தாழ்ந்தும் பின்பக்கம் ஏறியும் இருப்பது கம்பெனி தெரிந்தே வைத்தது, பாரம் ஏற்றினால் பின்பக்கம் இறங்கும் என்பதற்காக. முழுக்கச் சமமாக்கிவிட்டால் டிரெய்லர் மாட்டியதும் வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். 1.5 அங்குலம் என்று சொன்னது அதற்காக.

ஸ்ட்ரட்டின் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்) தலையில் உட்காரும் ஸ்பேசர், ஸ்பிரிங்கை அழுத்தும் பிரீலோட் ஸ்பேசர், உயரம் மாற்றத்தக்க புதிய ஷாக் என மூன்று வழி உண்டு. இரண்டாவதைத் தவிர்த்துவிடுங்கள். அதில் ஸ்ட்ரட்டின் முழு நீளம் மாறாது. நிற்கும் உயரம் மட்டும் கூடும். ஆகவே சக்கரம் கீழே தொங்கக் கிடைத்த தூரம் குறைந்து, வேகத்தடை தாண்டும்போது ஷாக் மேல்முனையில் ‘டக்’கென்று அடிக்கும். ஸ்பிரிங் கம்ப்ரெஸ்ஸரும் தேவை. அழுத்திய ஸ்பிரிங் நழுவினால் ஆளைக் கொல்லும். தலை ஸ்பேசரில் ஸ்பிரிங்கைத் தொட வேண்டியதில்லை, ஓட்டமும் பழையபடி இருக்கும். ஆனால் சக்கரம் முழுக்கத் தொங்கும்போது சஸ்பென்ஷன் கை (சக்கரத்தை ஃபிரேமோடு இணைக்கும் கண்ட்ரோல் ஆர்ம்) முன்பைவிடக் கீழே போகும். மேல் கையை நக்கிளோடு இணைக்கும் மேல் பால் ஜாயின்ட்டும், சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் ஆக்ஸிலின் சிவி ஜாயின்ட்டும் கூடுதல் கோணத்தில் வளையும். 2 அங்குலம் வரை தாங்கும். அதைத் தாண்டுவதானால் மேல் கையை மாற்றாமல் போகாதீர்கள். பில்ஸ்டீன் 5100 போன்ற ஷாக்கில் உடலிலுள்ள பள்ளத்தில் வளையத்தை மாற்றி உயரம் வைக்கலாம். ஸ்பிரிங்கின் இருக்கை உயர்வதால் தொங்கும் தூரம் அதிலும் குறையும். ஆனால் பழைய ஷாக் தேய்ந்திருந்தால் அந்தச் செலவு நியாயமானது.

ஸ்பேசரின் கனத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஸ்ட்ரட்டின் கீழ்முனை பால் ஜாயின்ட்டுக்கு உள்ளே தள்ளி இருப்பதால், ஸ்பேசர் தரும் தூரம் சக்கரத்தில் பெருகும். 2 அங்குலக் கிட்டின் ஸ்பேசர் அதைவிட நன்றாக மெலிந்திருக்கும். ‘2 அங்குலம் வரவில்லை’ என்று ஒன்றின் மேல் ஒன்று அடுக்குவது பால் ஜாயின்ட்டை முறிக்கும் வேலை.

வேலைக்கு முன் நான்கு சக்கரங்களிலும் ஹப் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளந்தால் புது டயரின் உயரம் கணக்கில் கலந்துவிடும். சமதளத்தில், சுவரிலிருந்து 25 அடி தள்ளி நிறுத்தி, ஹெட்லைட் வெளிச்சத்தின் மேல்கோட்டை டேப் ஒட்டிக் குறியுங்கள்.

பின்சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஃபிரேமில் தூக்கி, ஃபிரேமிலேயே ஸ்டாண்டு கொடுங்கள். இருபுறமும் ஸ்டெபிலைசர் தண்டின் (வண்டி சாய்வதைக் குறைக்கும் குறுக்குத் தண்டு) லிங்க்கைக் கழற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் கழற்றினால் அந்தத் தண்டு உங்களோடு மல்லுக்கு நிற்கும். பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் வயர் பிடிப்பான்களை விடுவியுங்கள். டை ராட் முனை, மேல் பால் ஜாயின்ட் இரண்டிலும் நட்டைச் சில மரை மட்டும் தளர்த்தி, நக்கிளின் பக்கத்தில் சுத்தியால் தட்டுங்கள். திருகுமரைத் தண்டில் அடிக்காதீர்கள். கழன்ற நக்கிள் வெளியே சாய்ந்தால் உள் சிவி ஜாயின்ட் இழுபட்டுக் கழலும். அதனால் கீழ்க் கைக்கு ஜாக் கொடுத்து, நக்கிளைக் கயிற்றால் கட்டிவையுங்கள்.

பலரும் கவனிக்காத இடம் ஒன்று இந்த வண்டியில் உண்டு. முன் ஹப்பில் இருக்கும் பூட்டை இன்ஜினின் வேக்வம்தான் விலக்கிப் பிடிக்கிறது. நக்கிளுக்கு வரும் அந்த மெல்லிய குழாய் விரிசல் விட்டால் பூட்டு அரைகுறையாகப் பொருந்தி, இரண்டு சக்கர ஓட்டத்தில் கரகரவென்று அரைக்கும். கிட் மாட்டிய அன்றே இந்தச் சத்தம் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது அந்தக் குழாயைத்தான்.

பிறகு ஸ்ட்ரட்டின் கீழ் நட்டு இரண்டு, தலையில் மூன்று. ஸ்பேசரை மாட்டும்போது இடம், வலம், முன்பக்கம் என்ற குறிகளைப் பாருங்கள். தலை நட்டுகளைக் கையால் மட்டும் ஏற்றிவிட்டு, கீழ்ப்பக்கம் பொருந்திய பிறகு இறுக்குங்கள். கழற்றிய பூட்டு நட்டுகளுக்குப் பதில் புதியவை போடுங்கள். மேல் கையின் உடல்பக்க போல்ட்டுகளைத் தளர்த்தி, சக்கரம் தரையில் நிற்கும்போது மறுபடி முறுக்குங்கள். இல்லாவிட்டால் ரப்பர் புஷ் எப்போதும் முறுகியே இருந்து சீக்கிரம் கிழியும். வீல் நட்டுக்கு 150 பவுண்டு-அடி. 100 மைல் ஓடியதும் மறுபடி சரிபாருங்கள்.

அன்றோ மறுநாளோ அலைன்மென்ட். தூக்கினால் காஸ்டர் (பக்கத்திலிருந்து பார்க்கும்போது திருப்பும் அச்சு பின்னோக்கிச் சாயும் கோணம்) குறையும். நெடுஞ்சாலையில் வண்டி அலையும், திருப்பியபின் ஸ்டீயரிங் தானாக நடுவுக்கு வரச் சோம்பும். கேம்பர், அதாவது சக்கரத்தின் மேல்பகுதிச் சாய்வு, வெளிப்பக்கம் போனால் டயரின் வெளி ஓரம் தேயும். அளவுத்தாளைக் கையில் வாங்குங்கள். ‘டோ மட்டும் சரிசெய்தோம்’ (டோ: மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்கள் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் அளவு) என்றால் வேலை முடியவில்லை. ஹெட்லைட்டைச் சுவரில் குறித்த கோட்டுக்கு இறக்குங்கள். எதிரே வருபவரின் கண் கூசுவது உயிர்ப் பிரச்சினை. முன் கேமரா, ரேடார் குரூஸ் இருந்தால் அவற்றின் அளவுத்திருத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஸ்பீடோமீட்டர் 3.4 சதவீதம் குறைத்துக் காட்டும். 60 என்றால் உண்மையில் 62. ஃபோர்ஸ்கேன் மென்பொருளில் டயர் சுற்றளவை மி.மீ.யில் மாற்றலாம், மாற்றும் முன் பழைய மதிப்பைச் சேமித்துவைத்து, பின் ஜிபிஎஸ் வேகத்தோடு ஒப்பிடுங்கள்.

எல்டி (லைட் டிரக்) வகை டயர் வாங்கினால், கதவு ஸ்டிக்கரில் இருக்கும் காற்றழுத்தம் செல்லாது. அதே எடையைத் தாங்க எல்டிக்குக் கூடுதல் அழுத்தம் வேண்டும். தயாரிப்பாளரின் சுமை அட்டவணையைப் பார்த்து வையுங்கள். ஸ்டெப்னியையும் அதே உயரத்தில் வாங்குங்கள். உயரம் மாறிய ஸ்டெப்னியோடு 4×4 போட்டு நல்ல சாலையில் ஓட்டினால் டிரான்ஸ்பர் கேஸும் (முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) டிஃபரென்ஷியலும் இறுகிச் சிக்கிக்கொள்ளும்.