ஓடு கழற்றும்போது இறக்கும் செர்ரி இறால்கள்: குறை எங்கே இருக்கிறது?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்தில் வசிக்கிறோம். மகளின் ஆசைக்காக 60 லிட்டர் தொட்டி ஒன்றில் 20 சிவப்பு செர்ரி இறால்களை விட்டோம். இரண்டு மாதங்களில் 9 மட்டுமே எஞ்சியுள்ளன. இறந்தவற்றின் கழுத்தருகே ஒரு வெள்ளைக் கோடு தெரிகிறது. இரண்டு பெண் இறால்கள் முட்டை சுமந்தன. ஒன்று முட்டைகளை உதிர்த்துவிட்டது. வாரந்தோறும் பாதித் தண்ணீரை மாற்றித் தொட்டியைச் சுத்தமாகவே வைத்திருக்கிறேன். டெஸ்ட் கிட்டில் பார்த்தபோது அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 10, பி.எச். 7.2, ஜி.எச். (தண்ணீரில் கரைந்த கால்சியம், மக்னீசியத்தின் அளவு) 3, கே.எச். (கார்பனேட் அளவு) 2 என்று வந்தது. அதே தொட்டியில் 6 கப்பி மீன்களும் உள்ளன. வீட்டு ஜோஜோ தொட்டியில் சேரும் மழைத்தண்ணீர் இன்னும் தூய்மையானது என்று மாமியார் சொல்கிறார், அதை ஊற்றலாமா? மின்வெட்டு வந்தால் என்ன செய்வது?

பதில்: அளவுகளை எழுதி அனுப்பியதற்கு முதலில் நன்றி. "இறால் சாகிறது, என்ன மருந்து?" என்று மட்டும் கேட்பவர்களே அதிகம், அவர்களுக்கு ஊகத்தின் பேரில்தான் பதில் சொல்ல முடியும். உங்கள் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்தில் நிற்பதால், தொட்டியில் நன்மை செய்யும் பாக்டீரியா நிலைபெற்றுவிட்டது என்று கொள்ளலாம். உங்கள் இறால்களுக்கு நோய் எதுவும் வந்ததாகத் தெரியவில்லை. நீங்கள் குறிப்பிட்ட வெள்ளைக் கோடும் ஜி.எச். 3 என்ற எண்ணும் பாதித் தண்ணீர் மாற்றமும் சேர்ந்து ஒரே இடத்தைத்தான் சுட்டுகின்றன: இறால்கள் ஓட்டைக் கழற்ற முடியாமல் இறக்கின்றன.

இறாலின் உடலை மூடியிருக்கும் ஓடு வளர்வதில்லை. ஆகவே உடல் பெருக வேண்டுமானால் பழைய ஓட்டைக் கழற்றிவிட்டுப் புதியதை உடுத்திக்கொள்ள வேண்டும். குஞ்சுகள் சில நாட்களுக்கு ஒருமுறையும், வளர்ந்தவை ஏறத்தாழ மாதத்துக்கு ஒருமுறையும் இதைச் செய்கின்றன. உள்ளே மென்மையான புது ஓடு உருவானதும், இறால் தண்ணீரை உள்ளிழுத்துச் சற்றே பருக்கிறது. தலையும் வாலும் சேரும் மூட்டின் முதுகுப்புறத்தில் பழைய ஓடு பிளக்க, ஒரே துள்ளலில் பின்புறமாக வெளியே வந்துவிடுகிறது. கண்ணும் காலும் மீசையும் அப்படியே இருக்க, உள்ளே எதுவுமில்லாமல் கண்ணாடிபோல் பாசியில் தொங்கும் அந்தச் சட்டையைக் கண்டு இறால் செத்துவிட்டதாக எண்ணி எடுத்து எறியாதீர்கள். மற்ற இறால்கள் அதைக் கடித்துத் தின்று கால்சியத்தை மீட்டுக்கொள்ளும்.

புது ஓடு இறுகுவதற்கான கால்சியத்தின் பெரும்பகுதியை இறால் தண்ணீரிலிருந்துதான் எடுக்கிறது. அது போதாதபோது, முதுகில் மட்டும் பிளக்க வேண்டிய ஓடு கழுத்தைச் சுற்றி முழு வளையமாக விலகிவிடும். இறால் முன்னும் போக முடியாமல் பின்னும் வர முடியாமல் சிக்கிக்கொள்ளும். நீங்கள் பார்த்த வெள்ளைக் கோடு அந்த இடைவெளிதான். இந்நிலைக்கு வந்த இறாலைப் பெரும்பாலும் காப்பாற்ற முடியாது. தண்ணீரின் தன்மை திடீரென மாறினாலும், உடல் தயாராகும் முன்பே ஓடு கழற்றும் கட்டாயம் இறாலுக்கு ஏற்படுகிறது. வாரந்தோறும் பாதித் தண்ணீரை ஒரே மூச்சில் மாற்றும்போது, தாது குறைந்த உடலை நீங்களே அவசரப்படுத்துகிறீர்கள். முட்டை உதிர்ந்ததற்கான காரணமும் அநேகமாக இதுவே. முட்டைகள் வயிற்றடி நீந்துகால்களில் ஒட்டியிருப்பவை. சினை இறால் இடையில் ஓட்டைக் கழற்றினால், ஓட்டோடு முட்டைகளும் போய்விடும். முதல் முறை சினைப்படும் இளம் இறால் பழக்கமின்மையால் சில முட்டைகளை நழுவவிடுவதும் உண்டு. அது மட்டுமென்றால் கவலைப்பட வேண்டியதில்லை.

செர்ரி இறாலுக்கு ஜி.எச். 6 முதல் 8 வரை இருப்பது நல்லது. இதற்கென விற்கும் தாது உப்புக் கலவை கிடைத்தால் அதையே வாங்குங்கள். கிடைக்காவிட்டால், வீட்டில் பீர் காய்ச்சுவோருக்கான கடைகளில் விற்கும் உணவுத் தரமான ஜிப்சத்தையும், மருந்துக் கடையில் வாசனை சேர்க்காத எப்சம் உப்பையும் வாங்கிக்கொள்ளலாம். 10 லிட்டர் தண்ணீரில் 0.3 கிராம் ஜிப்சம் ஜி.எச். அளவை ஏறத்தாழ ஒரு புள்ளி உயர்த்தும். அதே ஒரு புள்ளிக்கு எப்சம் உப்பு 0.44 கிராம் வேண்டும். உங்கள் குழாய்த் தண்ணீரை 3இலிருந்து 8க்குக் கொண்டுவர, 10 லிட்டருக்கு 1.2 கிராம் ஜிப்சமும் 0.44 கிராம் எப்சம் உப்பும் சேருங்கள். சமையலறைத் தராசு இதற்குப் பயன்படாது, 0.01 கிராம் வரை காட்டும் சிறு நகைத் தராசு தேவை. ஜிப்சம் மெதுவாகவே கரையும் என்பதால், முதல் நாள் இரவே வாளியில் கலக்கி வைத்துவிடுங்கள்.

இந்தத் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றினால் நோயைவிட மருந்து கொடியதாகிவிடும். மணலும் செடியும் போக உங்கள் தொட்டியில் 50 லிட்டர் தண்ணீர் இருக்கலாம். வாரம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் 5 லிட்டர் மட்டும் மாற்றுங்கள். இப்படி ஒன்பது முறை, அதாவது நான்கரை வாரங்கள் மாற்றினால் தொட்டியின் ஜி.எச். 6ஐத் தொடும். அதன்பின் வாரம் ஒரு முறை 5 லிட்டர் போதும். தொட்டி பளிச்சென்று இருக்க வேண்டும் என்ற ஆசையைச் சற்று அடக்கிக்கொள்ள வேண்டியிருக்கும். பின்கண்ணாடியில் படரும் பச்சைப் பாசிப் படலந்தான் குஞ்சுகளின் முதல் உணவு. அதைச் சுரண்டாதீர்கள். கணவாய் ஓட்டையும் முட்டை ஓட்டையும் தொட்டியில் போடச் சொல்வார்கள். போடுவதில் தீங்கில்லை, ஆனால் பி.எச். 7.2 உள்ள தண்ணீரில் அவை கரையும் வேகத்தை நம்பி உங்கள் 9 இறால்களையும் விட்டுவைக்க என் மனம் ஒப்பவில்லை.

மாமியார் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மழைத்தண்ணீர் தூயதுதான், ஆனால் அதில் ஜி.எச். ஏறத்தாழ பூஜ்யம், உங்கள் இறால்களுக்கு இப்போது இல்லாதது எதுவோ அது அந்தத் தண்ணீரிலும் இல்லை. போதாக்குறைக்கு அது கூரைத் தகரத்தின் துத்தநாகத்தையும் பெயிண்டையும் பறவை எச்சத்தையும் கழுவிக்கொண்டு வருகிறது. குழாய்த் தண்ணீரையே பயன்படுத்துங்கள். குளோரின் நீக்கும் திரவத்தை மட்டும் ஒவ்வொரு முறையும் தவறாமல் சேருங்கள்.

குழாய்த் தண்ணீரிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், நம் குளிர்காலமான ஜூலை மாதத்தின் ஒரு காலையில், தண்ணீர் சில்லென்று இருக்கிறதே என்று கீசர் குழாயிலிருந்து இரண்டு குவளை வெந்நீர் கலந்து தொட்டியில் ஊற்றினேன். மறுநாள் விடிவதற்குள் நாற்பதுக்கும் மேற்பட்ட இறால்கள் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தன, மீன்களுக்கோ ஒன்றும் ஆகவில்லை. இரவெல்லாம் செம்புக் குழாயில் தேங்கிய வெந்நீரில் செம்பு கரைந்திருக்கிறது என்பது பிறகுதான் புரிந்தது. மீன் தாங்கும் செம்பை இறால் தாங்காது. ஆகவே குளிர்ந்த நீர்க் குழாயை இரண்டு நிமிடம் ஓடவிட்டுப் பிடியுங்கள். மீன்களுக்கான நோய் மருந்து வாங்கும்போதும் செம்பு கலந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். காவடிக்கு முன் வீடு முழுவதும் கரப்பான் மருந்து அடிக்கும் வழக்கம் இருந்தால், அன்று ஏர் பம்பை நிறுத்தித் தொட்டியை ஈரத் துணியால் மூடி, சன்னல்களைத் திறந்து அறை நன்றாகக் காற்றாடிய பின்பே மீண்டும் ஓடவிடுங்கள். அறைக் காற்றை உறிஞ்சி நேராகத் தண்ணீருக்குள் தள்ளுவதுதான் அந்தப் பம்பின் வேலை. பூச்சிக்கு நஞ்சானது இறாலுக்கும் நஞ்சு.

2023இல் நாம் பட்ட பாட்டுக்குப் பிறகு மின்வெட்டைப் பற்றி நீங்கள் கேட்பது இயல்பே. நான்கு மணி நேரம் வரை, அளவாக இறால் உள்ள செடித் தொட்டிக்கு ஒன்றும் ஆகாது. அதற்கு மேல் நீடித்தால், பவர் பேங்கில் ஓடும் சிறு யு.எஸ்.பி. ஏர் பம்ப் ஒன்று போதும். இறால் வளர்ப்பில் ஏர் பம்பால் இயங்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டரையே நான் பரிந்துரைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பம்ப் தொட்டியின் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால், மின்சாரம் நின்றவுடன் தண்ணீர் குழாய் வழியாகத் திரும்பி வழியும். ஆகவே ஒருவழி வால்வு பொருத்திவிடுங்கள். மின்வெட்டைவிட டர்பனின் ஜனவரி வெயில்தான் எனக்குக் கவலை தருகிறது. 20 முதல் 26 டிகிரி வரை இறாலுக்கு உகந்தது. 30ஐத் தாண்டினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்துவிடும். மேசை விசிறியை நீர்ப்பரப்பின் மேல் வீசவிட்டால் சூடு தணியும். ஆனால் ஜொஹானஸ்பர்க்கின் வறண்ட காற்றில் கிடைக்கும் பலன் நம் கடலோர ஈரக் காற்றில் கிடைக்காது. ஓரிரு டிகிரிதான் இறங்கும். ஆவியாகிக் குறைந்த அளவை ஈடுசெய்ய மட்டும், சுத்திகரித்த தண்ணீர் நிரப்பித் தரும் கடையில் வாங்கிய நீரை ஊற்றுங்கள். தண்ணீர் ஆவியாகலாம், தாது ஆவியாவதில்லை. குழாய்த் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் ஜி.எச். உங்களை அறியாமல் ஏறிவிடும்.

இனப்பெருக்கந்தான் நோக்கம் என்றால் கப்பிகளை வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். பொரிக்கும் குஞ்சு இரண்டு மில்லிமீட்டர் அளவே இருக்கும்; கப்பிக்கு அது ஒரு வாய். உங்கள் இரண்டாவது சினை இறாலின் முட்டைகளை டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். ஒவ்வொரு முட்டையிலும் இரு கரும்புள்ளிகள் தெரிந்தால் அவை குஞ்சின் கண்கள். சில நாட்களில் பொரிந்துவிடும். முட்டை வயிற்றுக்கு வந்ததிலிருந்து பொரிக்க 25 டிகிரியில் ஏறத்தாழ நான்கு வாரங்கள் ஆகும். அமானோ என்ற வேறு இன இறாலின் குஞ்சுகளைப்போல் இவற்றுக்கு உப்புநீர் தேவையில்லை. பெற்றோரின் சிறு உருவாகவே பிறந்து அன்றே மேயத் தொடங்கும். ஒளிந்துகொள்ள ஜாவா பாசியை ஒரு கைப்பிடி போடுங்கள். மிதக்கும் நீர்க்கோசு குஞ்சுகளுக்கு நல்ல மறைவிடந்தான் என்றாலும், அது தென்னாப்பிரிக்காவில் சட்டப்படி தடுக்கப்பட்ட களை. யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். உணவை இரண்டு நாளுக்கு ஒருமுறை கொடுத்து, மூன்று மணி நேரத்தில் எஞ்சியதை எடுத்துவிடுங்கள். உங்கள் கொல்லையில் மருந்தடிக்காத முருங்கை இருந்தால், ஒரு கொத்து இலையை வெந்நீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்துப் போட்டுப் பாருங்கள். மறுநாள் காம்பு மட்டுமே மிஞ்சும்.

புதிய இறால்களை இப்போது வாங்க வேண்டாம். ஜி.எச். 6இல் ஒரு மாதம் நிலைத்து, இருப்பவை சிக்கலின்றி ஓடு கழற்றுவதைப் பார்த்த பின் பத்து வாங்குங்கள். கடைப் பையோடு வந்தவற்றை நேரே தொட்டியில் கொட்டிவிடாமல், ஒரு பாத்திரத்தில் விட்டு, ஏர் குழாயில் முடிச்சிட்டுத் தொட்டித் தண்ணீரை நொடிக்கு இரண்டு சொட்டாக இறங்கவிடுங்கள். இரண்டு மணி நேரத்தில் பாத்திரத்தின் நீர் மூன்று மடங்கானதும், பைத் தண்ணீரைச் சேர்க்காமல் இறால்களை மட்டும் வலையில் எடுத்துத் தொட்டிக்கு மாற்றுங்கள்.