வீட்டை அடகு வைக்கும் முன் ஒரு கணக்கு

கேள்வி: மோட்டார் அளவுக்கு மீறிச் சூடாவதை முன்கூட்டியே எச்சரிக்கும் கருவி ஒன்றை உருவாக்கியிருக்கிறேன். இரண்டு தொழிற்சாலைகளில் இலவசமாக மாட்டிச் சோதித்து வருகிறேன், நன்றாக ஓடுகிறது. வேலையை விட்டுவிட்டு இதில் முழுமூச்சாக இறங்க ஆசை. முதலீட்டாளருக்குப் பங்கு கொடுக்க மனமில்லை. 14 மாத வீட்டுச் செலவுக்கான சேமிப்பு இருக்கிறது. போதாவிட்டால் ஓய்வுக்காலப் பணத்தை எடுக்கலாமா, வீட்டை அடகு வைக்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். அடகுக் கடனுக்குத் தவணை உடனே ஓடத் தொடங்கிவிடும்; தொழிற்சாலைக்காரர் சாவகாசமாகத்தான் பணம் தருவார். ஓய்வுக்காலப் பணத்தைத் தொட்டால், தொழில் படுத்துவிடும் நாளில் உங்களுக்கு வயதும் கூடியிருக்கும், கையும் காலியாக இருக்கும்.

எவ்வளவு தேவை என்று யோசிக்கும்போது, போட்ட பணம் எத்தனை நாள் வெளியே நிற்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு கருவியின் விலை 100, உதிரிபாகச் செலவு 60 என்று வைத்துக்கொள்வோம். மாதம் 10 கருவி. பாகங்களை ரொக்கத்துக்கு வாங்கி, 30 நாளில் செய்து கொடுத்து, பணம் வர இன்னும் 60 நாள் ஆகிறது என்றால், எப்போதும் 30 கருவிகளின் பாகச் செலவு, அதாவது 1,800, வெளியே முடங்கிக் கிடக்கும். விற்பனை இரட்டித்தால் முடக்கமும் இரட்டிக்கும். ஆர்டர் குவிந்தும் மூச்சு முட்டும் நிறுவனங்களின் கதை பெரும்பாலும் இதுதான்.

இப்போது ஆர்டருடன் பாதிப் பணம் முன்பணம், பாகக்காரரிடம் 30 நாள் கடன் என்று மாற்றுங்கள். தயாரிப்பில் இருக்கும் 10 கருவிகளுக்கு முன்பணம் 500 உங்கள் கையில், பாகக்காரருக்கு இன்னும் கொடுக்கவில்லை. கொடுத்துவிட்டுப் பாக்கிக்குக் காத்திருக்கும் 20 கருவிகளில் பாகத்துக்குக் கொடுத்தது 60, வந்தது 50; தலா 10, ஆக 200 வெளியே. நிகரமாக 300 உங்களிடம் நிற்கிறது! அது லாபமல்ல, வாடிக்கையாளரின் பணம். அதிலிருந்து வீட்டுச் செலவுக்கு எடுத்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

1976-ல் ஆப்பிள் தொடங்கியது ஏறக்குறைய இப்படித்தான். ஸ்டீவ் ஜாப்ஸ் வேனை விற்றார், கூட்டாளி வோஸ்னியாக் கால்குலேட்டரை விற்றார் என்பதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அந்தக் காசு சின்னது. ஒரு கடை 50 கணினிகளைத் தலா 500 டாலருக்குக் கேட்டது. அந்த ஆர்டரைக் காட்டி உதிரிபாகங்களை 30 நாள் கடனுக்கு வாங்கினார்கள். வண்டி ஓடியது அதில்தான். (வெளியார் முதலீடு அவர்களுக்கும் பின்னால் தேவைப்பட்டது, அது வேறு கதை.)

புதியவருக்கு யாரும் எடுத்த எடுப்பில் கடன் தரமாட்டார்கள். முதல் இரண்டு மூன்று கொள்முதலுக்கு ரொக்கம் கொடுங்கள், பிறகு 15 நாள் கேளுங்கள். முன்பணம் தருபவருக்கு விலையில் சலுகையோ கூடுதல் உத்தரவாதக் காலமோ கொடுக்கலாம். வட்டியோடு ஒப்பிட்டால் அது மலிவு.

சேமிப்பில் 10 மாதச் செலவைத் தனிக் கணக்கில் போட்டு மறந்துவிடுங்கள். மீதி 4 மாதப் பணம்தான் தொழிலுக்கு. உறவினரிடம் வாங்கினால் எழுதி வாங்குங்கள். கிரெடிட் கார்டு பக்கமே போகாதீர்கள்.

வேலையை இப்போதைக்கு விடாதீர்கள். ஆனால் நியமன ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். பணியில் இருக்கும்போது உருவாக்கியது நிறுவனத்துக்கே சொந்தம் என்ற வரி அதில் இருக்கக்கூடும். இருந்தால் முதலில் வக்கீலிடம் போங்கள்.

அது சரியாக இருந்தால், அந்த இரண்டு தொழிற்சாலைகளுக்கும் இந்த வாரமே விலைப்புள்ளி கொடுங்கள், பாதி முன்பணம் என்று எழுதியே கொடுங்கள். இருவரும் தயங்கினால், கருவி பிடித்திருந்ததா, இலவசம் பிடித்திருந்ததா என்பது தெரிந்துவிடும். ராஜினாமாக் கடிதத்தை அதற்கப்புறம் எழுதிக்கொள்ளலாம்.