வண்ணக்கர் முன்னால் வைத்த கையெழுத்து செல்லுமா?

கேள்வி: மட்டக்களப்பு, களுவாஞ்சிகுடிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். படுவான்கரையில் அப்பாவின் பெயரில் நாலு ஏக்கர் வயல், உறுதிக் காணி. அம்மா முந்தியே காலமாகிவிட்டார். அப்பா இறந்து ஒன்பது வருடம். பிள்ளைகள் நானும் தம்பியும்தான். அன்றிலிருந்து தம்பிதான் வெள்ளாமை செய்கிறான். எனக்கு ஒரு மூடை நெல்கூட வந்ததில்லை. கடைசியில் கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் வண்ணக்கரும் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவரும் நடுவர்களாக இருந்து பேசித் தீர்த்தார்கள். எட்டு லட்சம் தந்து முழு வயலையும் தம்பி எடுத்துக்கொள்வதாகக் கடதாசி எழுதிக் கையெழுத்து வைத்தோம். அதிபர் சமாதான நீதவான், சீலும் குத்தினார். ஒரு லட்சம் தந்தான். மிச்சம் கேட்டால் "உனக்குத்தான் சீதன வீடு கொடுத்தாச்சே" என்கிறான். நடுவர்களின் தீர்ப்பை நீதிமன்றத்தில் போட்டு மிச்சக் காசை வாங்கலாமா?

பதில்: வாங்க முடியாது.

தம்பி நன்றி மறந்தது, மைத்துனி பேசிய பேச்சு, வைத்தியசாலைச் செலவு என்று நீங்கள் எழுதியிருக்கும் நாலு பக்கத்தையும் ஒதுக்கி வைக்கிறேன். நீதிபதி அதைக் கேட்கப்போவதில்லை. இணைத்து அனுப்பிய கடதாசியைத்தான் பார்த்தேன்.

காணி வாங்கல் விற்றல் நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகளோடு உறுதியாக முடிக்கப்பட வேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. விற்பதாக, வாங்குவதாகக் கொடுக்கும் வாக்குறுதிக்கும் அதே விதிதான். சமாதான நீதவானின் சீல் அதற்கு ஈடாகாது. உங்கள் மருமகன் சொன்னதாக நீங்கள் எழுதிய நடுத்தீர்ப்புச் சட்டமும் (1995, 11ஆம் இலக்கம்) உதவாது. "இவர் சொல்லும் முடிவு எங்களைக் கட்டுப்படுத்தும்" என்று முதலிலேயே எழுத்தில் ஒப்புக்கொண்டு ஒருவரை நியமித்தால்தான் அவர் நடுத்தீர்ப்பாளர். வண்ணக்கர் உங்கள் இருவரையும் இணங்க வைத்தார், அவ்வளவுதான். அவர் மத்தியஸ்த சபையும் இல்லை.

அந்தக் கடைசி விஷயம் எவ்வளவு பெரியது என்று உங்களுக்குத் தெரியவில்லை. 1988இன் 72ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபையில் பேசியதை நீதிமன்றத்தில் சாட்சியமாக எடுக்க முடியாது. கோயில் மண்டபத்தில் எழுதிக் கொடுத்ததற்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. உங்கள் கடதாசியின் மூன்றாவது வரி: "தம்பி கடந்த ஒன்பது வருடமாக இவ்வயலைத் தனக்கென்றே ஆட்சி செய்து வருகிறார்." இதை யார் எழுதச் சொன்னது?

பிறர் காணியைப் பத்து வருடம் தனக்கென்றே ஆண்டவருக்கு அது சொந்தமாகலாம். ஆனால் பங்காளி ஒருவர் பத்து வருடம் வயலைச் செய்தார் என்பதற்காக மட்டும் மற்றவரின் பங்கு போய்விடாது. மற்றப் பங்காளியை விலக்கித் தனக்கென்றே ஆண்டதைக் காட்ட வேண்டும். 1911இல் கொரேயா எதிர் அப்புஹாமி வழக்கில், அன்றைய உச்ச மேன்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் சொன்னது இன்றும் நிற்கிறது. தம்பியின் சட்டத்தரணி தேடி அலைய வேண்டிய சாட்சியத்தை நீங்களே கையெழுத்து வைத்துக் கொடுத்திருக்கிறீர்கள். நல்லவேளை, உங்கள் பங்குக்குக் காசு தருவதாக அவர் ஒப்புக்கொண்டதும், ஒரு லட்சம் தந்ததும் அதே கடதாசியில் இருக்கிறது. அது உங்கள் உரிமையை அவர் ஏற்றுக்கொண்டதற்குச் சான்று. ஆனால் இரண்டு வரியில் எது எடுபடும் என்று நீதிமன்றத்தில் பந்தயம் கட்ட நான் தயாரில்லை.

என்னிடம் வருபவர்கள் விழும் குழி இதற்கு அடுத்தது. வண்ணக்கர் திரும்பவும் கூப்பிடுவார். "பெரும்போகம் வெட்டினதும் தம்பி தருவான், இப்ப ஒரு புதுக் கடதாசி எழுதுவம்" என்பார். அவர் நல்ல மனதோடுதான் சொல்வார். வெட்டு முடியும், நெல் விலை சரியில்லை என்பார்கள், அடுத்த போகம் வரும், பத்தாவது வருடமும் முடிந்துவிடும். ஊர்ப் பேச்சு காலக்கெடுவை நிறுத்தாது. புதுக் கடதாசியில் "முழுப் பணமும் பெற்றுக்கொண்டேன்" என்று ஒரு வரி நுழைந்தால் கதை முடிந்தது. காசு கைக்கு வருமுன் அந்த வரிக்குக் கீழே கையெழுத்து வைத்த அக்காமார் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன்.

சீதன வீட்டுக் கதையையும் லேசாக எடுக்காதீர்கள். வட மாகாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை இங்கே இல்லை, ஆகவே சீதனம் வாங்கியதால் உங்கள் பங்கு அற்றுப்போகாது, சரி. ஆனால் 1876இன் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தில், கல்யாணத்தின்போது பெற்றோர் ஒரு பிள்ளைக்குக் கூடுதலாகக் கொடுத்ததைப் பங்குக் கணக்கில் சேர்க்கும் விதி உண்டு. அதைக் கிளப்பினால் உங்கள் அரைப் பங்கு சுருங்கலாம்.

ஆகவே சமாதானமாகப் போங்கள். எட்டு லட்சத்தில் பிடிவாதம் வேண்டாம். மிச்சம் ஏழுக்கு ஐந்து தந்தாலும் வாங்குங்கள். பாகப்பிரிவினை வழக்கில் நில அளவையாளர், அழைப்பாணை, தவணை என்று வருடங்கள் ஓடும், முதல் செலவும் உங்கள் தலையில். தம்பியை நொத்தாரிசிடம் கூட்டிப் போய், காசை அவர் முன்னால் எண்ணி வாங்கிய பிறகு, உங்கள் பிரிபடாத பங்கை உறுதி முடித்துக் கொடுங்கள். வண்ணக்கர் சாட்சியாக வரட்டும், அந்த மரியாதை அவருக்கு இருக்கட்டும். அதற்கு முன் எழுதும் எந்தக் கடிதத்திலும் "உரிமைக்குப் பாதகமின்றி", அதாவது இதை எழுதுவதால் என் உரிமை குறையாது என்ற பொருள் தரும் சொற்கள், இருக்க வேண்டும்.

தம்பிக்கு ஒரு மாதம் கொடுங்கள். வராவிட்டால், பத்து வருடம் நிறைவதற்கு முன் மாவட்ட நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்குப் போடச் சொல்லி உங்கள் சட்டத்தரணியிடம் அப்பாவின் மரணச் சான்றிதழையும் மூல உறுதியையும் கொடுத்துவிடுங்கள்.