வேப் கருவிக்காக வழக்கு: புரோக்கரிடம் பணம் கொடுக்காதீர்கள்

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. கோவையில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். விடுதிச் சோதனையில் அவன் பெட்டியில் இருந்த வேப் கருவி (மின் சிகரெட்) ஒன்றை வார்டன் எடுத்துவிட்டார். "அது வெறும் பழவாசனை ஆவி, நிகோடினே கிடையாது" என்கிறான் மகன். இதற்கிடையில் கல்லூரியில் செல்வாக்கு உள்ளவர் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் போன் செய்தார். போலீசில் வழக்கு பதிவாகிவிட்டது, 40,000 ரூபாய் கொடுத்தால் முடித்துத் தருகிறேன், இல்லாவிட்டால் பாஸ்போர்ட் கிடைக்காது என்கிறார். என்ன செய்வது? (வாசகி, திருப்பூர்)

பதில்: அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் அடுத்து.

அந்த ஆள் பணத்தைத் தானே வைத்துக்கொண்டால் உங்களை ஏமாற்றியிருக்கிறார். உண்மையிலேயே ஒரு போலீஸ் அதிகாரியிடம் கொண்டுபோய்க் கொடுத்தால், லஞ்சம் கொடுத்தவர் நீங்கள். ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018இல் செய்த திருத்தத்தின்படி லஞ்சம் கொடுப்பவருக்கும் ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. வற்புறுத்தலால் கொடுத்தவர் தப்பிக்க வேண்டுமானால் ஏழு நாட்களுக்குள் புகார் செய்திருக்க வேண்டும். மகனின் பெட்டியில் கிடைத்த ஒரு கருவிக்காகத் தாய் ஏழு ஆண்டுக் குற்றத்துக்குள் போய் விழ வேண்டுமா? இத்தகைய புரோக்கர்கள் பெற்றோரின் பயத்தை மட்டுமே முதலாக வைத்துத் தொழில் செய்கிறார்கள். வழக்குப் பதிவாகிவிட்டது என்றால் எந்தக் காவல் நிலையம், என்ன எண் என்று கேளுங்கள். தமிழகக் காவல்துறையின் இணையதளத்திலேயே முதல் தகவல் அறிக்கையைத் தேடிப் பார்க்கலாம். எண் கேட்டவுடன் பெரும்பாலும் பேச்சு மாறிவிடும். பாஸ்போர்ட் விஷயமும் மிரட்டல்தான். அறிக்கை பதிவானதால் மட்டுமே பாஸ்போர்ட்டை மறுக்க முடியாது. நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால்தான் சிக்கல். அப்போதும் நீதிமன்ற அனுமதியோடு வாங்கலாம்.

இனி சட்டத்துக்கு வருவோம். 2019இல் வந்த மின் சிகரெட் தடைச் சட்டம் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விநியோகம், விளம்பரம் ஆகியவற்றைத் தடை செய்கிறது. முதல் முறை பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சரக்கைச் சேமித்து வைக்க இடம் கொடுத்தால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். புகைப்பவருக்கென்று தனித் தண்டனைப் பிரிவு இதில் இல்லை. சுகாதார அமைச்சகமோ, எந்த அளவில் கையில் வைத்திருந்தாலும் சட்டமீறல் என்று 2023இல் சொன்னது. சட்டத்தில் தெளிவாக எழுதியிருக்க வேண்டியதை எழுதாமல் விட்டுவிட்டுப் பிறகு விளக்கம் சொல்வது என்ன முறை? புரோக்கர்கள் பிழைப்பது இந்த இடைவெளியில்தான்.

மகனிடம் ஒன்றை மட்டும் துருவிக் கேளுங்கள்: நண்பர்களுக்கும் சேர்த்து வாங்கினானா? இலவசமாகக் கொடுத்தாலும் சட்டத்தின் கண்ணில் அது விநியோகம். அறைத் தோழர்களுக்காக ஐந்து கருவிகளை மொத்தமாக ஆர்டர் செய்யும் பையன், தன்னை அறியாமலே வியாபாரியின் இடத்தில் போய் நிற்கிறான்.

நிகோடின் இல்லை என்ற வாதம் நிற்காது. இதை அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் விற்பவர்கள் எல்லோரும் இதையே ஓதுகிறார்கள். நிகோடின் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு பொருளைச் சூடாக்கி உள்ளிழுக்கும் ஆவியாக மாற்றும் மின்கருவி எதுவானாலும் இந்தச் சட்டத்துக்குள் வரும். மின் ஹூக்காவும் வரும். "மூலிகை வேப்" என்று அட்டையில் அச்சடித்தாலும் வரும். விலக்கு ஒன்றே ஒன்று: மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்ற பொருள். இன்ஸ்டாகிராமில் விற்பவரிடம் அந்த உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள், காட்ட மாட்டார். மருந்துக்கடையில் கிடைக்கும் நிகோடின் சூயிங்கம், தோலில் ஒட்டும் பட்டை இரண்டும் மின் சிகரெட் அல்ல. புகைப்பழக்கத்தை நிறுத்த அவற்றைப் பயன்படுத்துபவர் பயப்பட வேண்டாம். ஆஸ்துமா இன்ஹேலரும் அப்படித்தான். ஒரு வார்டன் அதைப் பிடுங்கினால் மருந்துச் சீட்டைக் காட்டித் திரும்பக் கேளுங்கள்.

"வெறும் ஆவி" என்பதும் தவறு. அது நீராவி அல்ல. புரொப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும் வாசனை ரசாயனங்களும் சூடாகி வரும் நுண்துளிகள். சிகரெட்டைவிட 95 சதவீதம் தீங்கு குறைவு என்று பிரிட்டனின் பொதுச் சுகாதார அமைப்பு 2015இல் சொன்னதை வாட்ஸ்அப்பில் சுற்றவிடுகிறார்கள். அந்த ஒப்பீடு ஏற்கெனவே சிகரெட் பிடிப்பவருக்கானது. சிகரெட்டையே தொடாத உங்கள் மகனுக்கு அதில் என்ன லாபம்? அதே பிரிட்டன் ஒருமுறை பயன்படுத்தி எறியும் வேப்களின் விற்பனையை 2025 ஜூனில் தடை செய்துவிட்டது.

இத்தனைக்கும் இந்தக் கருவி கூரியரில் விடுதி வாசலுக்கே வந்து சேர்கிறது. கல்லூரிக்கு 100 கஜத்துக்குள் சிகரெட் விற்கும் கடைக்காரருக்கு அபராதம் 200 ரூபாய் வரைதான். பையனின் பெட்டியைச் சோதிக்கும் அக்கறையில் பாதி, அனுப்புகிறவனைத் தேடுவதில் இருந்திருக்கலாம்.

நாளைக்கே கல்லூரிக்குப் போங்கள். கருவியை எடுத்ததற்கும், எடுக்கும் நடவடிக்கைக்கும் எழுத்தில் கடிதம் கேளுங்கள். கல்லூரி தன் விதிப்படி இடைநீக்கம் செய்யலாம், ஆனால் இந்தச் சட்டத்தின்கீழ் அபராதம் விதிக்க வார்டனுக்கு அதிகாரமில்லை. வாக்குமூலம் என்று வெற்றுத்தாளில் மகன் கையெழுத்திடக் கூடாது. போலீஸ் அழைத்தாலும் பதறாதீர்கள். ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனைக் குற்றங்களில் தேவையில்லாமல் கைது செய்யாமல், ஆஜராகும்படி நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014லேயே சொல்லியிருக்கிறது. நோட்டீஸ் வந்தால் வழக்கறிஞரோடு போங்கள். அந்த ஆளின் குறுஞ்செய்திகளையும் அழைப்புப் பதிவுகளையும் அழிக்காமல் வையுங்கள். போலீசுக்குக் கொடுக்க வேண்டும் என்று மறுபடியும் பணம் கேட்டால், லஞ்ச ஒழிப்புத் துறையிடம் அவற்றோடு போகலாம்.

மகனுக்கு நிகோடின் பழக்கம் ஏற்பட்டிருந்தால் 1800112356 என்ற கட்டணமில்லாத தேசிய உதவி எண்ணை அவனையே அழைக்கச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டாம், அவன் மனம்விட்டுப் பேசட்டும்.